தின்பண்ட நினைவுகளும் நம் மலர்களும்

தமிழ்ச் சங்க ஆண்டு மலர் எதைப் புரட்டினாலும், கம்பன் கவிநயத்துக்கும் குறள் நெறிக்கும் அடுத்தபடியாக ஒரு கட்டுரை தவறாமல் இடம்பெற்றிருக்கக் காண்கிறோம். இளமையில் உண்ட தின்பண்டங்களைப் பற்றிய நினைவுக் கட்டுரை அது. பனையோலைப் பெட்டியில் வந்த கருப்பட்டி மிட்டாய், கோவில்பட்டிக் கடலை மிட்டாய், ஆச்சி சுட்ட முறுக்கு, திருவிழாக் கடையில் வாங்கிய சவ்வு மிட்டாய் என்று வரிசையாகச் செல்லும். அந்தச் சுவை இனி வருமா என்ற பெருமூச்சோடு முடியும். நாமும் அத்தகைய கட்டுரை இரண்டொன்று எழுதியவர்களே. ஆகவே ஈண்டுக் கூறப்போகும் குறையில் நமக்கும் பங்குண்டு.

இக்கட்டுரைகளில் அன்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த அன்பு நாவோடு நின்றுவிடுகிறது. பண்டத்தின் பெயர் வருகிறது, அதன் இனிப்பு வருகிறது. செய்த கை வருவதில்லை. ஆச்சி ஒருத்தி வருவாள் என்றாலும், அவள் பேரப்பிள்ளைகளுக்குப் பண்டம் நீட்டும் கோலத்தில்தான் வருவாள். அடுப்படியில் அவள் வெந்த நேரம் எழுதப்படுவதில்லை.

நம் பழைய புலவர்கள் இவ்வாறு செய்யவில்லை. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் பாண்டியன் தலைநகரின் கடைத்தெருவைக் காட்டுகிறார். தேனடையை ஒத்த மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் அங்கே உண்டு. அவற்றைச் சொன்ன கையோடு, இரவு ஏறி நகரம் அடங்கும் வேளையில் அவற்றை விற்கும் கூவியர் இருந்தபடியே தூங்கி விழுவதையும் அவர் சொல்லிவிடுகிறார். மன்னனுக்கு நிலையாமை உணர்த்த வந்த பெரும்பாட்டில், அப்பம் விற்பவனின் தூக்கத்துக்கும் ஓர் இடம் இருந்தது. நம் மலர்க் கட்டுரைகளில் அவனுக்கு இடமில்லை. நம் காலத்திலும் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. இதே மும்பையில் வாழும் அம்பை, 1988இல் வெளிவந்த ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பின் தலைப்புக் கதையில், அஜ்மீர் வீடொன்றின் இருண்ட சமையலறையை எழுதினார். உணவின் மணத்தை மட்டும் நுகர்ந்து திரும்பிவிட முடியாதபடி எழுதப்பட்ட கதை அது.

இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது. இக்கட்டுரைகளை எழுதுவோரில் பலர் பிறந்ததே பம்பாயில். கோவில்பட்டியை அவர்கள் கோடை விடுமுறையில் கண்டிருப்பார்கள். ஆண்டில் பதினொரு மாதம் அவர்கள் உண்டது வேறு. வில்லே பார்லேயில் 1929இல் எழுந்த ஆலையிலிருந்து வந்த குளூக்கோஸ் பிஸ்கட்டை, அதன் மெழுகுத் தாளைக் கிழியாமல் பிரித்து, தேநீரில் தோய்த்து உண்டவர்கள் அவர்கள். ஆரேயின் பால் புட்டிகள் மேல் வண்ண அலுமினிய மூடிகள் இருந்தன. அவற்றைச் சேர்த்துவைக்காத சிறுவன் செம்பூரில் இருந்தானா? 1889இல் தொடங்கப்பெற்ற பார்சிக் குடும்பத்து நிறுவனமான டியூக்ஸின் ஆலையும் அதே செம்பூரில்தான் இருந்தது. அதன் மாங்கோலாவும் ராஸ்பெரியும் இல்லாமல் ஒரு பிறந்தநாள் நடந்ததில்லை. 1977இல் கோக்கோ-கோலா நாட்டைவிட்டு வெளியேறியதையும், அதே ஆண்டில் தம்ஸ் அப் வந்ததையும் அரசியற் செய்தியாக அன்றி நாவின் செய்தியாகவே அறிந்த தலைமுறை அது. டியூக்ஸ் 1994இல் பெப்சியிடம் சென்றது. வில்லே பார்லே ஆலை 2016இல் மூடப்பட்டது. இவற்றைப் பற்றி நாம் கண்ட மலர்களில் ஒரு வரியும் இல்லை. இவை தமிழ் நினைவுகள் ஆகா என்று யாரோ தீர்ப்பளித்துவிட்டதுபோல், பெற்றோரின் ஏக்கத்தை இரவல் வாங்கி எழுதி வருகிறோம்.

சொற்களிலும் இந்தத் தூய்மைப்படுத்தல் நடக்கிறது. தாராவிச் சிறுவன் முறுக்கைச் சக்லி என்றான். கோலி சோடா அவனுக்குக் கோட்டி சோடா. கோலியை மராத்தியில் கோட்டி என்பர். பொரியைக் குர்முரா என்று கேட்டு வாங்கினான். கட்டுரையில் அவை முறுக்காகவும் கோலி சோடாவாகவும் பொரியாகவும் திருந்திவிடுகின்றன. திருத்தம் பிழையன்று, ஆனால் அச்சொல்லோடு அச்சிறுவனும் போய்விடுகிறான். சிக்கி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கடலையும் வெல்லப்பாகும் கோவில்பட்டியில் கூடினால் கடலை மிட்டாய். அதற்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தாராவியில் கூடினால் சிக்கி. திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு குடும்பம் தாராவியில் ஏ-ஒன் என்ற பெயரில் சிக்கி செய்து தழைத்த வரலாற்றைக் கல்பனா சர்மா 2000ஆம் ஆண்டில் தாராவியைப் பற்றி வெளியிட்ட ஆங்கில நூலில் எழுதியிருக்கிறார். தமிழர் வரலாறு ஆங்கிலத்தில் கிடைக்கிறது. நாம் அறிந்த தமிழ் மலர் எதிலும் கிடைக்கவில்லை.

தாள் பொட்டலங்களைப் பற்றியும் ஒரு சொல். ஊரிலிருந்து வருவோர் கொண்டுவந்த பொட்டலங்கள் தமிழ் நாளேட்டுத் தாளில் சுற்றிச் சணலால் கட்டப்பட்டிருக்கும். பண்டம் தீர்ந்தபின் எண்ணெய்க் கறை படிந்த அத்தாளை விரித்துவைத்து, பாதியில் கிழிந்துபோன தொடர்கதையை எழுத்துக்கூட்டிப் படித்தவர் நம்மில் பலர். அடுத்த பகுதி எந்தப் பொட்டலத்திலும் வந்ததில்லை. தெருவில் வாங்கிய வறுகடலைக் கூம்போ மராத்தியிலும் குஜராத்தியிலும் இருக்கும். டால்டாவின் மஞ்சள் தகரத்தில் துளசி வளர்ந்தது. ஹார்லிக்ஸ் புட்டியில் புளி இருந்தது. இரண்டு வீடுகளில் ஒரே புட்டி எவ்வாறு வெவ்வேறு வாழ்வு வாழ்ந்தது என்று எழுதினாலே ஒரு நல்ல கட்டுரை ஆகும்.

மாட்டுங்காவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்பே மிகுதியாகச் சொல்லப்பட்டுவிட்டது. 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸும், 1942இல் ராமநாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கும் நம் மலர்களில் ஏறாத ஆண்டில்லை. இவற்றைத் தமிழர் சொத்தாகவே எழுதுவோர் உடுப்பி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைச் சற்று நினைத்துக்கொள்வது நலம். மாட்டுங்காக் காப்பியின் மணம் மலருக்குள் எளிதில் நுழைகிறது. இரயில் பாதைக்கு அப்பால், தாராவிச் சந்துகளில் கொதிக்கும் எண்ணெயின் புகை நுழைவதில்லை. விடியலில் மிதிவண்டியில் ரப்பர் ஊதுகுழல் ஒலிக்க இட்லி கொண்டு செல்பவர் நகரெங்கும் தமிழுணவைப் பரப்பினார், அவரும் நுழைவதில்லை. இதற்குச் சாதியும் வகுப்பும் காரணம் அல்ல என்று சொல்வோர் சொல்லட்டும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு மலர்க்குழுவில் இருந்தோம். தாராவியில் முறுக்குச் சுடும் ஓர் அம்மையார் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் நான்கு பக்கம் எழுதியனுப்பியிருந்தார். நெல்லைப் பேச்சிலேயே எழுதியிருந்தார். மழைக்காலத்தில் மாவு ஈரம் கோத்துப் பிழிய வராமல் படுத்தும் பாடு அதில் இருந்தது. முறுக்கைப் பிளாஸ்டிக் பையிலிட்டு, பையின் வாயை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டுவதும், சுடர் சற்றே தாழ்ந்தால் விரல் சுடுவதும் இருந்தன. ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒரு சீட்டு வைக்கவேண்டும். அதில் வேறொருவர் கடைப்பெயர் அச்சிட்டிருக்கும். அந்தச் சீட்டை வைப்பது பள்ளி செல்லும் அவர் மகளின் வேலை. தன் தாய் சுட்ட முறுக்கைத் தோழி வீட்டில் வேறு பெயரோடு கண்ட நாளில் அந்தச் சிறுமி ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டு வந்தாளாம்.

குழு அதனைத் திருத்தியது. பேச்சு மொழி நூல் மொழியாயிற்று. இட நெருக்கடி என்று கூறிச் சீட்டைப் பற்றிய பகுதி நீக்கப்பட்டது. விரல் சுட்ட செய்தி மங்கலம் அன்று என்று ஒருவர் கருத, அதுவும் போயிற்று. நாம் மறுத்துப் பேசவில்லை. ‘தமிழரின் தொன்மைச் சிற்றுண்டி’ என்று புதுத் தலைப்பிட்டவர் நாமே.

தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022இல் முடிவான செய்தி வந்தபோது, அந்த அம்மையாரைத் தேடிச் சென்றோம். அந்தச் சந்தில் வேறு குடும்பங்கள் இருந்தன. அவர்கள் ஊருக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். ஊர்ப்பெயர் அவருக்குத் தெரியவில்லை. குறிப்பேட்டை மலர்க்குழுவில் எவரும் வைத்திருக்கவில்லை. அச்சான பக்கம் நம்மிடம் இருக்கிறது. முறுக்கின் மணத்தைப் பற்றி அதில் ஒன்றரைப் பத்தி உண்டு.