எபிக்: இதில் வாடிக்கையாளர் யார்?

மருத்துவமனை மென்பொருள் கம்பெனிகளின் இணையப் பக்கங்களில் இரண்டு வகைக் கதைகள் தவறாமல் இருக்கும். எங்களிடம் வேலை பார்ப்பது எவ்வளவு சுகம் என்பது ஒன்று. எங்கள் வாடிக்கையாளர்கள் எப்படி ஜெயித்தார்கள் என்பது இன்னொன்று. இந்தத் துறையில் அமெரிக்காவின் பெரிய கம்பெனியான எபிக் சிஸ்டம்ஸை வைத்து இரண்டையும் பார்க்கலாம்.

1979-ல் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில், ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் ஜூடி ஃபால்க்னர் ஆரம்பித்தது. இன்றுவரை பங்குச்சந்தைக்குப் போகவில்லை. பக்கத்து ஊரான வெரோனாவில் இருக்கும் வளாகத்தைப் படத்தில் பார்த்தாலே பொறாமை வரும்: மர வீடு, சறுக்குமரம், மந்திரப் பள்ளி மாதிரி கட்டிடங்கள், தரைக்கடியில் 11,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம். இதெல்லாம் நிஜம்தான், கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் ஓவர்டைம் சம்பளம் கேட்டு ஓர் ஊழியர் தொடுத்த வழக்கும் இதே கம்பெனியில் நடந்ததுதான். ஊழியர்கள் கூட்டாக வழக்குப் போட முடியாது, தனித்தனியாக மத்தியஸ்தத்துக்குத்தான் போகணும்னு 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் கம்பெனி பக்கம் தீர்ப்பு சொன்னது. சறுக்குமரம் படத்தில் வரும், இது வராது.

சரி, அது எல்லாக் கம்பெனியிலும் உள்ள கதை. எனக்கு உறுத்துவது இரண்டாவது வகைதான்.

நாம் போனில் ஒரு செயலி வாங்கினால், காசு கொடுப்பதும் பயன்படுத்துவதும் நாமேதான். பிடிக்கலைன்னா அழித்துவிடலாம். மருத்துவமனையில் வாங்குவது நிர்வாகம், தட்டுவது டாக்டரும் நர்ஸும், பலனை அனுபவிப்பது நோயாளி. வெற்றிக்கதையில் வரும் "வாடிக்கையாளர்" இந்த மூவரில் முதலாமவர் மட்டும்தான். எபிக்கின் "கோல்ட் ஸ்டார்ஸ்" திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எபிக்கின் வசதிகளை எவ்வளவு தூரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை வைத்து மருத்துவமனைகளுக்கு 10 வரை நட்சத்திரம். எங்கள் பொருளை நிறையப் பயன்படுத்தினால் உங்களுக்கு வெற்றி! கணக்கு வாத்தியாரே பரீட்சை எழுதித் தானே மார்க் போட்டுக்கொண்ட மாதிரி இல்லையா?

இதனால் என்ன நஷ்டம் என்பதற்கு செப்சிஸ் நல்ல உதாரணம். கிருமித்தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை அது. சில மணி நேரத் தாமதம்கூட உயிரை வாங்கும். அதை முன்கூட்டியே எச்சரிக்கும் மாடல் ஒன்றை எபிக் தன் மென்பொருளோடு தந்தது, நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் ஓட்டின. 2021-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையின் 38,455 அனுமதிகளில் அதைச் சோதித்தார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67% பேரை அது தவறவிட்டிருந்தது. ஆனால் மொத்த அனுமதிகளில் 18 சதவீதத்துக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. 0.5 என்றால் காசு சுண்டிப் போடுவது, 1 என்றால் துல்லியம் என்ற அளவுகோலில் கிடைத்தது 0.63. எபிக்கின் சொந்த ஆவணம் சொன்னது 0.76 முதல் 0.83 வரை.

இதில் புரோகிராமர்கள் கவனிக்க ஒன்று உண்டு. அந்த மாடலுக்குப் போன உள்ளீடுகளில், டாக்டர் ஏற்கனவே ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கிறாரா என்பதும் அடக்கம். டாக்டர் சந்தேகப்பட்ட பிறகு, "சந்தேகப்படுங்கள்" என்று சொல்வதற்கு எதற்கு ஒரு மாடல்? எபிக் அந்த ஆய்வு முடிவை மறுத்தது. ஆனால் 2022-ல் மாடலை மாற்றி, அந்தந்த மருத்துவமனையின் தரவிலேயே பயிற்றுவிக்கப் பரிந்துரைத்தது. குறையைக் கண்டுபிடித்தது, வாங்கிப் பயன்படுத்திய ஒரு மருத்துவமனையின் ஆட்கள். வெற்றிக்கதைப் பக்கத்தில் இடம் பெற வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எபிக்கால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓர் ஊரில் எடுத்த மருத்துவக் குறிப்பை இன்னோர் ஊர் டாக்டர் திறந்து பார்க்க முடிகிறதே, அது பெரிய விஷயம். ஆனால் அதற்கு விலை கொடுப்பது யார்? நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் டாக்டருக்குக் கம்ப்யூட்டர், மேஜை வேலை கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் என்று 2016-ல் ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து சொன்னது. எபிக் மட்டுமல்ல, இந்த வகை மென்பொருள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் கணக்கு அது.

வேடிக்கை என்னவென்றால், ஒரு டாக்டர் எந்தத் திரையில் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தார், இரவு வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் தட்டினார் என்பதெல்லாம் எபிக்கிலேயே பதிவாகிறது. "சிக்னல்" என்று அதற்குத் தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள். வெற்றிக்கதையில் மருத்துவமனைக் கட்டிடத்தின் படத்துக்குப் பதிலாக, மென்பொருள் வருவதற்கு முன்னும் பின்னுமான அந்த நிமிஷக் கணக்கைப் போட்டிருந்தால் நான் இரண்டு தடவை படித்திருப்பேன்.