கைக்குத் தெரிந்த கார்

காலை ஐந்தே முக்கால். இரவுப் பணி முடித்து ஆஸ்பத்திரி கார் பார்க்குக்கு வருகிறேன். பிப்ரவரி மாதம், ஷெஃபீல்டில் நான்கு டிகிரி குளிர். மதில்போல் நிற்கிற எஸ்யூவிகளுக்கு நடுவில், என் மார்பு உயரம்கூட வராத ஒரு சிவப்புக் கார் பனித்துளி போர்த்திக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் டிக்டிக்கென்று தையல் மிஷின் சத்தம் கேட்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் வால்வுக்கு மேலே இருக்கும் லிஃப்டர்களிலிருந்து ஆயில் வடிந்திருக்கும். மறுபடி ஏறி நிரம்புகிற வரை அந்தத் தாளம். ஐந்து நிமிடம் ஹீட்டரை ஓடவிடுகிறேன். பின்கண்ணாடி என்பது இந்தக் காரில் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். குளிரில் விறைத்திருக்கும்போது மடித்தால் விரிசல் விட்டுவிடும். அது இளகியதும் ஜிப்பைத் திறந்து படுக்கவைத்து, மேலே பழைய துண்டு ஒன்றை விரிக்கிறேன். தலைக்கு மேலே இருக்கிற இரண்டு கொக்கிகளை விடுவித்துத் துணிக்கூரையை ஒரு தள்ளு. அவ்வளவுதான், வானம் உள்ளே வந்துவிட்டது.

பாதம் அடுப்படியில், தலை ஊட்டியில். அந்தச் சுகத்தை எழுத்தில் சொல்லிவிட முடியுமா தெரியவில்லை. வீட்டுக்கு ஏழு மைல். இந்த ஏழு மைலுக்காகவே நைட் டியூட்டியை நான் கேட்டு வாங்குகிறேன்.

கார், 1994 மாடல் யூனோஸ் ரோட்ஸ்டர். ஐரோப்பாவில் மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்று அழைக்கப்படும் அதே வண்டிதான். ஜப்பானில் மாஸ்டா அதை யூனோஸ் என்ற தன் இன்னொரு பெயரில் விற்றது. அங்கே ஓடிக் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்த ஆயிரக்கணக்கான வண்டிகளில் இதுவும் ஒன்று. 1.8 லிட்டர் எஞ்சின், 130 குதிரைத்திறன், ஐந்து கியர், இரண்டே சீட். எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பணக்காரர்கள் போர்வை போட்டு மூடிவைத்து, வெயிலடிக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பது என்று ஒரு நினைப்பு இருக்கிறதல்லவா? இது மழையில் வேலைக்குப் போகிற கார். பத்துக் கிலோ பொன்னி அரிசி மூட்டையைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுக் கூட்டிவருகிற கார்.

இது பிறந்த கதையைக் கேட்டால் உங்களுக்கும் பிடித்துப்போகும். 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவராக இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம், "விலை குறைவாக, சிம்பிளாக, கூரை திறக்கிற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யுங்கள், அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் மாதிரி" என்று யோசனை சொன்னார். அப்புறம் யமமோட்டோ ஜப்பானில் ஒரு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை மலைப்பாதையில் தானே ஓட்டிப் பார்த்து மயங்கினார். எம்ஜிபியும் ஸ்பிட்ஃபயரும் 1980இல் தயாரிப்பு நின்றுபோன பிரிட்டிஷ் வண்டிகள். ஆயில் ஒழுகல், மழை ஒழுகல், நனைந்தால் செத்துப்போகும் கரண்டு வயர்கள் என்று அவற்றுக்கு ஆயிரம் நோய். ஆனால் அவற்றில் ஓர் உயிர் இருந்தது. ஹிரோஷிமாவின் மாஸ்டாக்காரர்கள் அந்த நோய்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு உயிரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் திரை விலகியது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. கூரை திறக்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான். செத்துப்போன இங்கிலீஷ் கார்களின் ஆவி ஜப்பானில் மறுபிறவி எடுத்து இங்கிலாந்தின் மலைப்பாதைக்கே திரும்பி வந்திருக்கிறது. அதை ஒரு கோயமுத்தூர்க்காரன் ஓட்டுகிறான் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை.

எங்கள் ஊரில் எஞ்சின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மாருதி எஞ்சினை வைத்து ரேஸ் காரே கட்டிய கரிவர்தன் எங்கள் ஊர்க்காரர். அப்பா பீளமேட்டில் லேத் பட்டறையில் இருந்தார். ரேஸ் கார் பக்கம் போகிற வசதியெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் கடைந்தெடுத்த இரும்பைப் பெருவிரல் நகத்தால் ஒரு தடவு தடவி, எந்த இடத்தில் நூல் தப்பியிருக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவார். இந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நகம்தான் ஞாபகம் வரும். ரோட்டில் கிடக்கிற சின்னக் கல், ஈரத்தில் டயர் லேசாக வழுக்குவது, எல்லாம் விரல் நுனிக்கு வந்து சேர்ந்துவிடும். இதைக் கட்டிய குழுவின் தலைவர் தோஷிஹிகோ ஹிராய் இதற்கு வைத்த பெயர் 'ஜிம்பா இத்தாய்': குதிரையும் குதிரைக்காரனும் ஓருடல். வெறும் பேச்சில்லை அது. கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சு டிஃபரன்ஷியல் வரை ஓர் அலுமினியச் சட்டம் போட்டு இரண்டையும் ஒன்றாக இறுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் ஆக்ஸிலரேட்டரை மிதித்த அந்தக் கணமே முதுகில் பதில் கிடைக்கிறது. பேட்டரியைக்கூடப் பின்னால் டிக்கிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள், முன்பாரமும் பின்பாரமும் சரியாக இருக்கட்டும் என்று. கியர் ராடு இரண்டு அங்குலம்தான் நகரும். அந்த 'க்ளிக்' இருக்கிறதே, பல்லாங்குழியில் சோழி விழுகிற சத்தம்! வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகும் சும்மா இரண்டு தடவை போட்டுப் பார்ப்பேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஓட்டுகிற சுகத்தைப் பற்றி அல்ல. அதை யாரும் எழுதலாம். இந்தக் காரைப் பார்த்துக்கொள்கிற சுகம் இருக்கிறதே, அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

வாங்கிய முதல் வருடம், இலையுதிர் காலம். ஒருநாள் காலையில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கை வைத்தால் கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது. கூரைத் துணியில் ஓட்டை இல்லை. கண்ணாடி ஓரத்தில் கசிவு இல்லை. பிறகுதான் தெரிந்தது, இந்த வண்டியில் கூரைமேல் விழுகிற மழை எல்லாம் பின்பக்கமாக ஓடிவந்து, இரண்டு சீட்டுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிற இரண்டு துளைகள் வழியாக, உள்ளே ஒரு குழாயில் இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரைக்குப் போகிறது. நம் ஊர் மொட்டைமாடித் தூம்பு மாதிரிதான். அதில் மேப்பிள் இலையும் பாசியும் போய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பும். கார்ப்பெட் நனைவதுகூடப் பரவாயில்லை. கதவுக்குக் கீழே ஓடுகிற 'சில்' என்கிற பெட்டித் தகட்டுக்குள் தேங்கி, வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளிருந்து அரித்துத் தின்றுவிடும். இந்த மாடல் கார்களில் பலவற்றைக் கொன்றது எஞ்சின் கோளாறு அல்ல, இந்த இரண்டு துளைகளில் அடைத்த இலைதான்.

புல் வெட்டுகிற மிஷினுக்குப் போடுகிற நைலான் நரம்பில் ஒரு முழம் வெட்டி, முனையை நெருப்பில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டேன், குழாய் கிழியக் கூடாது என்பதற்காக. மெல்ல மெல்ல உள்ளே விட்டேன். ஒரு சாண் போனதும் மெத்தென்று தட்டியது. குத்தாமல், காது குடைகிற மாதிரி சுழற்றினேன். திடீரென்று நரம்பு வழுக்கி இறங்கியது. ஒரு செம்பு தண்ணீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். முதலில் கறுப்புச் சேறு. அப்புறம் மக்கிய இலை. அப்புறம் பளிங்குபோலத் தண்ணீர், தடையில்லாமல் சளசளவென்று. அந்தச் சத்தம் தந்த சந்தோஷத்தை எனக்கு வேறு எந்தச் சத்தமும் தந்ததில்லை. இப்போது செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தச் செம்புத் தண்ணீர் உண்டு.

ஆயில் மாற்றுவது இன்னொரு திருவிழா. இந்த எஞ்சினின் ஆயில் ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தாலும் தெரியாது, கீழிருந்து பார்த்தாலும் சரியாகத் தெரியாது. குழாய்களுக்கு நடுவே முழங்கை வரை கையைவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் போகிற வழியில் போக வேண்டியதுதான். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆனது. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. இப்போது பத்து நிமிடம். அந்த இருட்டுக்குள் எது குழாய், எது வயர், எது பிராக்கெட் என்று என் கைக்குத் தெரியும். ஃபில்டர்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கழற்றினால் ஒழுகுகிற ஆயில் பைக்குள்ளேயே விழும். புதியதின் ரப்பர் வளையத்தில் ஒரு துளி ஆயில் தடவி, கையாலேயே திருகி ஏற்றும்போது, மறை சரியாகப் பிடிக்கிற அந்த நொடி இருக்கிறதே, அப்பாவின் லேத்தில் நின்ற மாதிரியே இருக்கும்.

போன வருடம் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் போனது. இந்தக் காருக்கு அது வழக்கமான செலவுதான். சிக்னலில் நிற்கும்போது பெடல் பஞ்சுமாதிரி கீழே போய்விட்டது, முதல் கியர் விழவில்லை. எஞ்சினை அணைத்து, கியரைப் போட்டுக்கொண்டு, பச்சை விழுந்ததும் அப்படியே ஸ்டார்ட் செய்து நகர்ந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். புதிய சிலிண்டரின் விலை, நாங்கள் மூன்று பேர் ஹோட்டலில் தோசை சாப்பிடுகிற காசுக்கும் குறைவு. இரண்டு போல்ட்டு, ஒரு குழாய். குழாயிலிருந்து காற்றை எடுக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும். பதினோரு வயது மகள் டிரைவர் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். நான் கீழே ஸ்பானருடன்.

"அழுத்து சாமி. புடிச்சுக்கோ, விட்றாத."

"புடிச்சிருக்கறனுங்க அப்பா. கால் நடுங்குதுங்க."

"இதோ ஆச்சு. இப்ப விடு."

முதலில் குமிழ் குமிழாக வந்தது. எட்டாவது தடவையில் குமிழே இல்லாமல் தெளிந்த எண்ணெய். "அப்பா, பெடல் கெட்டியாயிருச்சுங்க!" என்று அவள் கத்தினாள். காரின் அடியில் படுத்தபடி அந்தக் குரலைக் கேட்டேன். அன்றிலிருந்து அவளுக்கு இது 'நம்ம கார்'. ஹெட்லைட் இரண்டும் தவளைக் கண் மாதிரி பானட்டுக்குள்ளிருந்து எழும்புகிற வண்டி இது. விளக்கு எரியாமல் கண்ணை மட்டும் திறக்க ஒரு தனிப் பொத்தான் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் அதை அழுத்துகிற உரிமை அவளுக்கு மட்டும்தான்.

பிறர் கையில் கொடுத்ததில் ஒரே ஒரு தடவை வருத்தப்பட்டேன். ஒரு பட்டறையில் டயர் மாற்றும்போது ஜாக்கியைச் சில்லின் அடி விளிம்பில், வைக்கக் கூடாத இடத்தில் வைத்துத் தூக்கி, விளிம்பை நசுக்கிவிட்டார்கள். நசுங்கிய இடத்தில் பெயின்ட் தெறித்தால் துரு அங்கேயே குடியேறும். இங்கே குளிர்காலத்தில் ரோடு உறையாமல் இருக்க ராத்திரியெல்லாம் லாரியில் உப்புத் தூவுகிறார்கள், துருவுக்கு அது போதும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மெழுகு ஏற்ற இரண்டு நாள் ஆனது. அதிலிருந்து ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு அட்டையில் படம் போட்டுக் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வண்டியை யாரிடம் விட்டாலும் சாவியோடு அந்த அட்டையும் போகும்.

செலவு என்று பார்த்தால் வாய் பிளப்பீர்கள். டயர் 14 அங்குலம், நண்பரின் எஸ்யூவிக்கு ஒரு டயர் வாங்குகிற காசில் எனக்கு இரண்டுக்கு மேல் வந்துவிடும். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுக்கிறது. டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடுகிறேன். அப்படியே வழியில் அறுந்துபோனாலும் இந்த எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாது, வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். 30 வயது தாண்டிய காருக்கு அநேகமாக எது கேட்டாலும் புதிதாகவே கிடைக்கிறது. 2017இல் மாஸ்டாவே ஜப்பானில் இந்த முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்து, பழைய பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்து அதே அளவு டயரைக்கூட பிரிட்ஜ்ஸ்டோன் திரும்ப வார்த்துக் கொடுத்தது. தான் பெற்ற பிள்ளையை இப்படி மறக்காமல் இருக்கிற கம்பெனியை நான் கும்பிடுகிறேன்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, நானும் மனைவியும் ஸ்நேக் பாஸ் போனோம். ஷெஃபீல்டிலிருந்து லேடிபவர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி கிளாசாப்புக்குப் போகிற ஏ57 சாலை. உச்சி சுமார் 510 மீட்டர். பேருக்கேற்ற மாதிரி பாம்பாக வளைந்து ஏறும். மலை முழுக்க ஹெதர் பூத்து ஊதாவாகக் கிடந்தது. மூன்றாவது கியர், இரண்டாவது, மறுபடி மூன்றாவது. வேக வரம்புக்குள்ளேதான், ஆனால் ரோட்டுக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்திருப்பதால் நாற்பது மைல் வேகமே பறப்பது போலிருக்கும். பைன் மரத்து வாசனை, ஆட்டு மந்தை வாசனை, ஓடைப் பக்கம் வந்ததும் சட்டென்று முகத்தில் படுகிற ஜில்லிப்பு. மேலே ஏறியதும் தூறல் பிடித்தது. கூரையை மூட நிறுத்தப் போனேன். "ஏனுங்க, மூடாதீங்க, ஓடிட்டே இருந்தா மேல படாதுங்க" என்றாள், வண்டியின் எல்லா ரகசியமும் தெரிந்தவள்போல. உண்மைதான், காற்று தூறலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது. கிளாசாப் சிக்னலில் நின்றபோதுதான் இருவரும் நனைந்தோம்.

வீட்டுக்கு வந்து கூரையைத் துடைத்து உலர்த்தினேன். உடனே அந்த இரண்டு துளைகளிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஓடியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்பார்க் பிளக் மாற்றுகிற வேலை இருக்கிறது. நான்கையும் வாங்கி வைத்தாகிவிட்டது. ஸ்பானரைத் தான்தான் பிடிக்கப்போவதாக மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.