ஒற்தலாம் என்றால் புதினா

திருத்தணியில் எங்கள் பக்கத்து வீட்டு அவ்வா தெலுங்கு பைபிள் வாசிப்பார். பள்ளியில் எனக்குக் கிடைத்ததோ தமிழ் பைபிள். எட்டாவது படிக்கும்போது மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு அவரிடம் போனேன்.

"அவ்வா, ஒற்தலாம்னா என்ன?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் புத்தகத்தில் அதே வசனத்தைத் தேடினார். "புதினாடா. நம்ம கொல்லையில இருக்கே, அதான்."

எனக்குப் பெரிய ஏமாற்றம். சாம்பிராணி மாதிரி ஏதோ கோயில் பொருள் என்று நினைத்திருந்தேன். அந்த ஏமாற்றம் ஒரு விமர்சனம் என்பது பின்னால்தான் புரிந்தது.

அந்த இடத்தில் இயேசு பரிசேயர்களைத் திட்டுகிறார். புதினாவிலும் சீரகத்திலும்கூட பத்தில் ஒரு பங்கைக் கணக்குப் பார்த்துக் கடவுளுக்குக் கொடுக்கிறீர்கள், நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்கள் என்கிறார். இது கோபம் மட்டுமில்லை, கிண்டலும்கூட. புதினாக் கட்டைப் பிரித்துக் குச்சி குச்சியாக எண்ணும் ஒரு பெரிய மனிதரைக் கற்பனை செய்து பாருங்கள். இலை நம் சமையலறையில் இருந்தால்தான் சிரிப்பு வரும்.

ஒற்தலாம் போர்த்துகீசியச் சொல். அந்த மொழியில் புதினாவுக்கு 'ஒர்த்தெலான்' என்று பெயர். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது கடற்கரை ஊர்களில் போர்த்துகீசியம் புழக்கத்தில் இருந்தது. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அந்த மொழியிலிருந்து வந்து நம் வீட்டுக்குள் குடியேறிவிட்டன. ஒற்தலாம் மட்டும் பைபிளை விட்டு வெளியே வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் உருவாகி, இன்றும் புராட்டஸ்டன்ட் வீடுகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதலில் அது அப்படியே இருக்கிறது.

லூக்கா 11இல் இதே திட்டு இன்னொரு முறை வருகிறது. அங்கே புதினாவோடு சேர்ந்து வரும் செடி அருவதா. நாட்டு மருந்துக் கடையில் சதாப்பிலை என்று கேட்டாலும் தருவார்கள். கடுமையான வாடை, கசப்பு. தெலுங்கில் 'சதாப' என்றே இருக்கிறது. பழைய தமிழ்த் திருப்புதல் அதை மரிக்கொழுந்து ஆக்கிவிட்டது. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி ஏறும் ஊர்க்காரனுக்கு மரிக்கொழுந்து என்றால் மாலை, சாமி, வாசனை. அதைக் கடவுளுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு என்றுதான் தோன்றும். யூதர்களின் மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவோ, அருவதாவுக்குப் பத்தில் ஒரு பங்கு தரத் தேவையில்லை என்கிறது. கேட்காததையும் கொடுத்துவிட்டு, கேட்டதை மறந்தவர்கள் என்பதுதான் குத்தல். மரிக்கொழுந்தின் மணத்தில் அந்தக் குத்தல் காணாமல் போகிறது.

1995இல் வந்த திருவிவிலியம் மத்தேயுவில் புதினா, சோம்பு, சீரகம் என்று சாதாரணமாக எழுதியது. எனக்கு அது பெரிய விடுதலை. அதற்காகப் புதியது எல்லா இடத்திலும் ஜெயித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். உப்பு விஷயத்தில் நான் பழையதன் பக்கம்.

தமிழிலும் தெலுங்கிலும் உப்பு உப்புதான். சிக்கல், அது எதை இழக்கிறது என்பதில். மலைப் பிரசங்கத்தில் வரும் அந்த இடத்துக்குப் பழைய திருப்புதல் 'சாரம்' என்கிறது, புதியது 'உவர்ப்பு' என்கிறது. சவக்கடல் கரை உப்பில் ஜிப்சம் போன்றவை கலந்திருக்கும்; ஈரத்தில் உப்பு கரைந்து ஓடியபின் ருசியில்லாத வெள்ளைக் கட்டி மிஞ்சும் என்று விளக்குவார்கள். அந்த விளக்கத்துக்கு உவர்ப்பு பொருந்துகிறது. ஆனால் மத்தேயுவின் கிரேக்க வினைச்சொல்லுக்கு அடிப்படைப் பொருளே 'முட்டாளாகிப் போதல்'. ருசியும் புத்தியும் ஒரே சொல்லில். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? உப்புச் சப்பில்லாத பேச்சு, சாரமே இல்லாத ஆள். சாரம் நாக்குக்கும் மனுஷனுக்கும் சேர்த்தே பொருந்தும். உவர்ப்பு நாக்கோடு நின்றுவிடுகிறது. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்கிற நம் பழமொழி பண்டத்தைத்தான் வீசுகிறது. இயேசு உப்பையே வீசுகிறார். வீசப்படுவது ஆள் என்று புரிய சாரம் வேண்டும்.

புரியாத சொல்லுக்கு ஒரு கம்பீரம் உண்டு என்பார்கள். ஈசோப்பு எனக்கும் பிடிக்கும். தெலுங்கிலும் அது ஹிஸ்ஸோபுதான். சுத்திகரிப்புச் சடங்கில் வரும் செடி தூரத்தில் இருந்தால் நஷ்டமில்லை. திட்டு தூரத்தில் இருந்தால் நஷ்டம். ஒற்தலாம் என்று வாசிக்கும்போது, யாரோ பழங்காலத்துப் பரிசேயனைத் திட்டுகிறார் என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். புதினா என்றால் முடியாது. அவ்வா அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னதும் கொல்லைப் பக்கம் பார்த்தார். பிறகு, "நம்மளத்தான் சொல்றாரு" என்று புத்தகத்தை மூடினார்.