கித்தார் மடக்கும் கானல்வரிக் கரணமும்

கானல்வரிக்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், முதுகலை மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை விடுத்தார். மாதவி யாழைக் கையில் வாங்கிய இடத்தில் அடிகள் இசைக்கரணம் எட்டினை வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என நிரல்படக் கூறுகின்றார் அன்றோ? “ஐயா, இவற்றுள் எவையெவை கித்தாரில் உள்ளன?” என்பதே அவ்வினா. அம்மாணவர் எம்மூராகிய நெய்யூரினர். திருச்சபைப் பாடகர் குழுவில் கித்தார் வாசிப்பவர். அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடிய முயற்சியே ஆகும்.

நெய்யூரில் மாலை வேளைகளில் ஏதேனும் ஒரு வீட்டு மாடியிலிருந்து கித்தார் ஒலி கேட்பது இன்று இயல்பு. கற்கத் தொடங்கும் இளைஞர் முதற்கண் பழகுவது கீர்த்தனையும் அன்று, திரைப்பாட்டும் அன்று. ‘டீப் பர்ப்பிள்’ என்னும் ஆங்கிலக் குழுவினர் 1972-இல் வெளியிட்ட ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டின் தொடக்கத்தையே அவர்கள் ஓயாது வாசிக்கின்றனர். இதனை இரைச்சல் என்று தள்ளும் பெரியோர் உளர். யாமும் நெடுநாள் அவருள் ஒருவராக இருந்தோம். ஆயின் எவரெஸ்டுப் பயணங்களில் 1922-இலும் 1924-இலும் பங்குகொண்டு, பின்னர் எம்மூர் மருத்துவமனையில் நெடுங்காலம் பணிபுரிந்த அறுவை மருத்துவர் ஹோவர்டு சோமர்வெல், மலையேறப் போன இடத்தில் தம் செவிக்கு முற்றிலும் புதிதாகிய திபெத்திய இசையைக் கேட்டுக் குறித்துவைத்தவர் என்பதை எண்ணுங்கால், கேளாமலே தள்ளுதல் எம்மூர் மரபாகாது என்று தோன்றிற்று.

முதலில் சொற்களை வரையறை செய்துகொள்வோம். ராக் இசையில் கித்தாரின் தொழில் இரு வகைப்படும். சில சுரங்களாலான ஒரு குறுந்தொடர் திரும்பத் திரும்ப வந்து பாட்டைத் தாங்கி நிற்றல் ஒன்று. இதனை ‘ரிஃப்’ என்பர். பாடுவோர் வாய் அடங்கிய இடத்தில் கித்தார் தானே தனித்து நின்று பேசுதல் மற்றொன்று. இதனை ‘சோலோ’ என்பர். பின்னதைத் ‘தனி’ என்று வழங்கலாம். நம் கச்சேரிகளில் தண்ணுமையாளர்க்கு விடப்படும் இடத்தை நாம் அவ்வாறே வழங்குகிறோம். முன்னதற்கு ‘மடக்கு’ என்னும் அணியின் பெயரைக் கொள்கிறோம். மடக்கில் வந்த சொல்லே மீண்டும் வரும். வருந்தோறும் பொருள் வேறாகும். நல்ல ரிஃப்பிலும் சுரங்கள் மாறா. அவற்றின்மேல் வரும் குரலும் தாளமும் மாறுதலால் அவற்றின் பொருள் மாறும். பொருள் மாறாது வெறிதே திரும்புவது மடக்காகாது. கூறியது கூறல் என்னும் குற்றமே ஆகும். புகழ்பெற்ற மடக்குகளையும் புகழ்பெறாதவற்றையும் பிரிக்கும் எல்லைக்கோடு இதுவே என்பது எம் கருத்து.

‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ மடக்கினை ஆராய்வோம். அதனை அமைத்தவர் ரிச்சி பிளாக்மோர். அதில் உள்ளவை நான்கே சுரங்கள். நம் முறையிற் கூறின் சட்சம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பிரதி மத்திமம் என்பன. இரு மத்திமங்களும் அடுத்தடுத்து ஒரே தொடரில் நிற்றலைக் காண்க. இராக இலக்கணம் பயின்ற செவிக்கு இது சற்றே நெருடும். அந்நெருடலே அத்தொடரை நினைவில் நிறுத்துகிறது. இனி, ஒவ்வொரு சுரமும் தனியே ஒலிப்பதில்லை. தனக்கு நான்காவதாகக் கீழ்நின்ற சுரத்துடன் இணைந்தே ஒலிக்கிறது. இரு நரம்புகளையும் ஒருங்கே விரல்களாற் கிள்ளி வாசிப்பது பிளாக்மோர் முறை; தட்டைக் கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுவார் கையில் அவ்வொலி வருவதில்லை. எம் மாணவர் இரு முறையிலும் வாசித்துக் காட்டிய பின்னரே எமக்கு இவ்வேறுபாடு புலனாயிற்று.

சிலப்பதிகார உரைகள் நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என வகுக்கின்றன. நின்ற நரம்பிற்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. பிளாக்மோரின் மடக்கு முழுவதும் நட்பிலேயே இயங்குகிறது. ராக் இசைக் கித்தாரின் பெரும்பாலான மடக்குகள் கிளையில் இயங்குவன. அடிச்சுரமும் அதன் ஐந்தாவதும் மட்டும் சேர்ந்த கூட்டொலியே அவற்றின் அடித்தளம். மேலை இசையின் முழுக் கூட்டொலியில் இன்றியமையாத மூன்றாவது சுரத்தை இக்கலைஞர்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டனர். காரணம் கருவியில் உள்ளது. மின்பெருக்கியின் ஆற்றலை எல்லை கடக்கச் செய்து ஒலியைச் சிதைத்து வாசிப்பது இவர்தம் வழக்கம். அவ்வாறு சிதைந்த ஒலியில் இரு சுரங்களின் அதிர்வுகள் கலந்து புதிய அதிர்வுகளைப் பிறப்பிக்கும். நான்கும் ஐந்தும் ஆயின் அப்புதிய அதிர்வுகள் மூலச் சுரங்களோடு பொருந்தி ஒலியை வலுப்படுத்தும். மூன்றாயின் பொருந்தாது கலங்கும். ஆகவே கைக்கிளை நீங்கிற்று, இளி நின்றது. எல்லாப் பண்ணிற்கும் அடிமணையாதலின் இளியைப் பட்டடை என்றார் அடியார்க்குநல்லார். குரலைச் சட்சமெனக் கொள்வார் கொள்கையின்படி, ராக் இசைக் கூட்டொலி குரலும் இளியுமே ஆகும்.

இதனைக் கண்ட அளவில், தமிழர் ராக் இசையை முன்னரே அறிந்திருந்தனர் என்று எழுதப் புறப்படுவார் சிலர் உளர். அவர்க்கு எம் கட்டுரை துணையாகாது. நரம்பும் செவியும் எங்கும் ஒருதன்மையன. ஆதலின் கவனித்துக் கேட்டார் யாவரும் ஒரே உறவுகளைக் கண்டனர். வியப்பு அவற்றைக் கண்டதில் இல்லை. அவற்றிற்குப் பெயரிட்டு வைத்ததில் உள்ளது. ஆங்கிலத்தில் வெறும் எண்களாக நிற்பவை தமிழில் உறவுப் பெயர்களாக உள்ளன. திறனாய்வாளனுக்கு இது பெரும்பேறு.

மடக்கின் ஆற்றல் சுரங்களின் தொகையில் இல்லை என்பதற்கு மற்றுமொரு சான்று: ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் ‘சேட்டிஸ்பேக்‌ஷன்’ (1965). கீத் ரிச்சர்ட்ஸ் அமைத்த அம்மடக்கில் மூன்றே சுரங்கள். அவர் அதனைக் கித்தாருக்கென்றே கருதவில்லை. பித்தளைக் குழற்கருவிகள் பின்னர் வாசிக்க வேண்டிய தொடரை ஒலிசிதைக்கும் சிறு கருவி கொண்டு தற்காலிகமாகக் குறித்துவைத்தார். அக்குறிப்பே பாட்டாக நிலைத்தது.

இனித் தனியை நோக்குவோம். ‘மாபெரும் தனிகள்’ என்று தரவரிசை இடுவோர் விரைவையே பெரிதும் போற்றக் காண்கிறோம். எட்வர்டு வான் ஹேலன் 1978-இல் வெளியிட்ட ‘இரப்ஷன்’ இரு கைவிரல்களாலும் நரம்பின் கழுத்தைத் தட்டி வாசிக்கும் முறையால் உலகை வியக்கவைத்தது. அதனை யாம் குறைத்துரையோம். ஆயினும் அது சித்திரகவி போன்றது. கட்டின் அருமையை வியந்த பின் மீண்டும் படிக்கத் தூண்டுவன அவற்றுள் சிலவே. ‘பிங்க் பிளாய்டு’ குழுவின் ‘கம்பர்ட்டப்லி நம்’ (1979) பாட்டில் டேவிட் கில்மோர் வாசித்த இரண்டாவது தனி வேறு வகையினது. அப்பாட்டு மருத்துவனும் உணர்விழந்த பாடகனும் உரையாடுவது போல அமைந்தது. முதல் தனி குறுகியது. தெளிந்த பண்ணில் அமைந்தது. சொற்கள் முற்றும் அடங்கிய பின் வரும் இரண்டாவதோ இருண்ட பண்ணில் நெடிது செல்கிறது. ஒரு சுரத்தைப் பற்றி, நரம்பை மெல்ல இழுத்து, அடுத்த சுரத்தின் உச்சியிற் கொண்டு நிறுத்தி, ஆங்கே நடுங்கவிடுகிறார். உணர்விழந்தேன் என்று கூறிய பாத்திரத்தின் உணர்வு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சொல் பொய்த்த இடத்தில் நரம்பு மெய் கூறுகிறது. கானல்வரியில் கோவலனும் மாதவியும் பாடிய பாட்டுகள் விளையாட்டென்றே தொடங்கின. உள்ளத்து உண்மையை வெளிப்படுத்தியதோ யாழ்மேல் வைத்த அப்பாட்டே அன்றோ?

இவ்விடத்தில் கானல்வரிச் சொற்கள் நமக்குப் போதாமல் ஆகின்றன. அடியார்க்குநல்லார் உரை கானல்வரிக்குக் கிடைத்திலது, அரும்பதவுரையே துணை. அதன்படி வார்தல் சுட்டுவிரற் றொழில். வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிய தொழில். உறழ்தல் ஒரு நரம்பு இடையிட்டும் இரு நரம்பு இடையிட்டும் ஆராய்தல். இம்மூன்றும் கித்தாரில் உள்ளன என்று ஐயமின்றிக் கூறலாம். ஆனால் நரம்பை இழுத்துச் சுரத்தை உயர்த்தும் தொழிலுக்கு அங்கே பெயர் காணோம். காரணம் வெளிப்படை. விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியான யாழ்நூலில் நிறுவியவாறு, யாழ் வில்வடிவினது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். அழுத்தும் மெட்டு இல்லை. கித்தாரோ மெட்டுடைய கருவி. இழுக்கும் தொழிலுக்குச் சொல் வேண்டுமாயின் வீணை மரபின் கமகத்திடமே செல்லவேண்டும். மெழுகிற் பதித்த உயர்ந்த மெட்டுகள் மேல் நரம்பை இழுப்பது வீணையார்க்கு எளிது. சக்தி இசைக்குழுவில் ஜான் மெக்லாப்லின் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கித்தாரை வாசித்தது இவ்வெளிமையை நாடியே ஆகும். பிளாக்மோரும் குழிவாகச் செதுக்கிய கித்தாரை வாசித்தவரே. வெவ்வேறு நாட்டுக் கைகள் ஒரே தேவையால் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தன.

இனித் தமிழ்ப் பாட்டிற்கு வருவோம். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா பொழிகிறதே’ என்னும் பாட்டைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். வைரமுத்து இயற்றியது, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடியது, இளையராஜா இசையமைத்தது. கித்தார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். பாட்டைத் தொடங்குவது கித்தாரே. உறழ்தல் என்று அரும்பதவுரை கூறியதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டை யாம் கேட்டதில்லை. நரம்புகள் இடையிட்டு இடையிட்டு ஒலித்துப் பின்னுகின்றன. குரல் நுழைந்த பின்னரும் அப்பின்னல் அடங்காது உடன் செல்கிறது. அது மடக்கும் ஆகும், தனியும் ஆகும். இவ்விரண்டையும் பிரித்தே பழகிய மேலைத் தரவரிசைகளில் இதற்கு இடம் தேடுவது வீண். இம்மெட்டு 1983-இல் ‘கலாகார்’ என்னும் இந்திப் படத்திற்குச் சென்றது. பாடலாசிரியர் வேறு, பாடகர் வேறு, மொழி வேறு. ஆயினும் ஆங்கும் அப்பாட்டு கித்தாரால் அறியப்படுகிறது. சொல் முழுவதும் உதிர்ந்த பின்னும் நின்றது எதுவோ அதனைப் பற்றி நம் ஆய்வேடுகள் ஒரு பக்கமேனும் எழுதியிருத்தல் வேண்டும். திரைப்பாடல் பற்றிய ஆய்வென்று எம் கைக்கு வந்தவை எல்லாம் உவமை, உருவகம், எதுகை, மோனை என்றே முடிகின்றன. யாமும் அத்தகையன இரண்டுக்கு நெறியாளராக இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். ராக் இசையில் தனியை வாசித்தவனே அதனைப் படைத்தவன். இளையராஜாவோ ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரங்களை மேலைக் குறிமுறையில் எழுதிக் கொடுப்பவர். ஆகவே சந்திரசேகர்க்கு உரியது யாது என்பர். இளையராஜா தாமும் கித்தார் பயின்றவர், தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றவர், கையறிந்து எழுதுபவர். தடை வலியுடையதே. ஆனால் ராக் இசைத் தனிகள் யாவும் அந்நேரத்துப் பிறந்தன என்பதும் பிழை. ‘ஓட்டல் கலிபோர்னியா’ (1976) பாட்டின் இறுதியில் டான் பெல்டரும் ஜோ வால்ஷும் இணைந்து வாசிக்கும் தனி, முன்னரே பெல்டர் ஒலிநாடாவில் பதிந்துவைத்த மாதிரியைப் பின்பற்றியது. குழுவினர் அதனை மாற்றாது வாசிக்குமாறு வற்புறுத்தினர் என்று பெல்டரே கூறியுள்ளார். கில்மோர் பல முறை வாசித்துப் பதிந்தவற்றிலிருந்து சிறந்த பகுதிகளைத் தெரிந்து கோத்தே தம் தனியை அமைத்தார். எனவே இயற்றலும் இயக்கலும் எங்கும் இரு வேறு தொழில்களே. எழுதிய சுரம் ஒன்றாயினும் எந்த நரம்பில், எந்த விரலால், எவ்வளவு அழுத்தி, எப்போது விடுவது என்பன தாளில் இல்லை. நூலாசிரியன் பெருமை உரையாசிரியன் பெருமையை விழுங்குவதில்லை என்பது நமக்குப் புதிதன்று.

அரங்கேற்று காதையில் ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன் ஆகியோர் அமைதியைக் கூறிய அடிகள், யாழாசிரியன் அமைதியையும் விரிவாகக் கூறுகிறார். நரம்புகளை அவன் எவ்வாறு நிறுத்தினான், பண்களை எவ்வாறு பிறப்பித்தான் என்பதெல்லாம் அங்கே உண்டு; அவன் பெயர் மட்டும் இல்லை. சந்திரசேகர்க்கு நிலைமை தலைகீழானது. பல்லாண்டு பாட்டுக்குப் பின்னே மறைந்திருந்த அவர் பெயரை இன்று ஆர்வலர் தேடி அறிந்துள்ளனர். அவர் கை செய்த தொழிலுக்குத் தமிழில் இன்னும் ஓர் அமைதி எழுதப்படவில்லை. அதே இசையமைப்பாளரின் ‘மூடுபனி’ (1980) படத்துப் பாட்டாகிய ‘என் இனிய பொன் நிலாவே’ கித்தார் இன்றி நினைக்கவே இயலாதது. கதைத்தலைவன் கையிலும் கித்தாரே. திரையில் அதனைப் பிடித்திருந்தவரை ஊரறியும். ஒலிப்பதிவில் வாசித்தவர் யார் என்று எம் வகுப்பில் வினவியபோது, விடை கூறுவார் இலர்.

வினாவெழுப்பிய மாணவர் சென்ற திங்கள் தம் கித்தாரைத் துறைக்குக் கொணர்ந்தார். வார்தல், வடித்தல், உறழ்தல் மூன்றையும் வாசித்துக் காட்டினார். உந்தலை வலிவு மெலிவு நோக்கி இரு வகையாக வாசித்து, எது பொருந்தும் என்று எம்மைக் கேட்டார், இரண்டாவது என்றோம். உருட்டலுக்கும் தெருட்டலுக்கும் வேறுபாடு காட்ட முயன்று, அரும்பதவுரையை மேசைமேல் விரித்துவைத்து, இருட்டும் வரை இருந்தோம்.