கண்ணைக் கேட்கும் கணினி

பௌர்ணமி இரவில் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குக் கார்கள் வரிசையாகப் போகும். செஞ்சிக் கடைத்தெருவில் நின்று அவற்றின் உள்ளே பார்த்தால், பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பழைய வண்டியிலும் டேஷ்போர்டு நடுவே அகலமான திரை ஒன்று நீல வெளிச்சம் வீசிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது கடையில் வாங்கி மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. ஒன்றிரண்டு வண்டிகளில் அதற்கும் ஒருபடி மேலே போய், உரிமையாளரே ஒரு முழுக் கணினியைக் கட்டிப் பொருத்தியிருப்பார். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகை, ஏழு அங்குலத் தொடுதிரை, சீட்டுக்கு அடியில் எஸ்எஸ்டி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து இழுத்த தனி வயர். இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதைச் செய்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். தாங்கள் செய்வதற்கு நியாயமும் சொல்கிறார்கள். அந்த நியாயம் தவறு என்பது என் நெடுநாள் கருத்து.

அவர்கள் சொல்வது இரண்டு. செல்போனை மடியில் வைத்துக்கொண்டு மேப் பார்ப்பதைவிடப் பெரிய திரையில் பார்ப்பது பாதுகாப்பானது என்பது முதலாவது. வண்டியும் நம்முடையது, கணினியும் நாம் கட்டியது, கம்பெனி போட்ட பூட்டுகளுக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது இரண்டாவது.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். காருக்குள் கணினியை உயிரோடு வைத்திருப்பது எளிதல்ல. 12 வோல்ட் என்று பெயருக்குத்தான் சொல்கிறோம். இன்ஜின் ஓடும்போது அது 14-ஐத் தாண்டும், செல்ஃப் அடிக்கும் கணத்தில் 10-க்கும் கீழே விழும். அந்த ஒரு கணத்தில் சாதாரணக் கணினி அணைந்து மறுபடி தொடங்கும். சாவியைத் திருப்பி மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் மெமரி கார்டில் உள்ளது கெட்டுப்போகும். கணினி தானே மூடிக்கொள்ளும்வரை மின்சாரம் கொடுத்துவிட்டுப் பிறகு துண்டிக்கும் சுற்று ஒன்று வேண்டும். துண்டிக்காமல் விட்டால் நாலைந்து நாளில் பேட்டரி படுத்துவிடும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு எவ்வளவு கொதிக்கும் என்பது கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2001-ல் வியா நிறுவனம் 17 சென்டிமீட்டர் சதுரத்தில் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டைக் கொண்டுவந்த காலத்திலிருந்து, 2012-ல் ராஸ்பெர்ரி பை வந்த பிறகும், உலகெங்கும் ஆர்வலர்கள் இந்தச் சிக்கல்களைப் பொறுமையாகத் தீர்த்திருக்கிறார்கள். பழைய காரைத் தூக்கிப்போடாமல் ரிவர்ஸ் கேமராவும் வழிகாட்டி வரைபடமும் சேர்த்து ஓட்டுவதும் நல்ல காரியமே. மடியில் கிடக்கும் செல்போன் இதைவிட மோசம் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் இவ்வளவு சிக்கல்களைத் தீர்த்தவர்கள் ஒன்றைத் தொடவேயில்லை. ஓட்டுகிறவனின் கண்.

கணினி என்பது மேசைமுன் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்காக உருவான கருவி. அவன் கண் முழுவதும் தனக்கே என்ற நம்பிக்கையில்தான் அதன் திரை, பட்டியல், பொத்தான் எல்லாம் அமைந்திருக்கின்றன. காரில் உட்காரும்போது அந்தக் கண் சாலைக்குச் சொந்தம். பழைய ரேடியோவின் குமிழைக் கை தானே தேடிப் பிடித்தது. அதன் வடிவமும் அதன் இடமும் விரலுக்குத் தெரியும். கண்ணாடித் திரையில் விரலுக்குத் தெரிவது எதுவுமில்லை. எந்த இடமும் ஒரே வழவழப்பு. பாட்டின் சத்தத்தைக் குறைக்கக்கூட முதலில் கண் போக வேண்டும், அதன் பின்னால்தான் விரல் போக முடியும். திரையைப் பெரிதாக்கினால் எழுத்து பெரிதாகும் என்பது உண்மை. கண்ணைக் கூப்பிடும் பொருள்களும் கூடவே பெருகிவிடும். பாட்டின் படம், வானிலை, இன்ஜின் சூடு, வேக முள், வந்து விழும் செய்தி என்று இடம் இருக்கும்வரை நிரப்புகிறார்கள்.

என் நண்பர் ஒருவர் ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து இப்படி ஒன்றைக் கட்டினார். வயரிங் அவ்வளவு சுத்தம். ஒரு மாலை சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு அதில் வந்துகொண்டிருந்தோம். அறுவடை முடிந்த நேரம். எங்கள் பக்கத்தில் வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று உளுந்துச் செடியைச் சாலையிலேயே பரப்புவார்கள். நண்பர் ஒரு பாட்டைத் தேடினார். பட்டியலை மேலே தள்ளினார், இன்னும் தள்ளினார். முன்னால் ஒரு கிழவி குனிந்து துடைப்பத்தால் உளுந்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன், அவர் பிரேக்கை அழுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நண்பர் அசட்டையான ஓட்டுநர் அல்ல, இருபது வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். திரைக்கு இடம் வேண்டுமென்று பழைய ரேடியோவைக் கழற்றியபோது கூடவே அதன் குமிழும் போய்விட்டது. நடந்த மாற்றம் அதுதான்.

இதை ஒருவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் வண்டி 33 மீட்டர் பார்வையில்லாமல் ஓடியிருக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு பார்வைக்கு இரண்டு விநாடி, ஒரு வேலை முழுவதற்கும் 12 விநாடி என்று எல்லை வகுத்தது. 2020-ல் பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் ஓட்டுநர்களை ஒப்புருக் கருவியில் உட்காரவைத்துச் சோதித்தது. செல்போனைக் காரின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளேயைத் தொட்டு இயக்கியவர்கள் ஆபத்துக்கு எதிர்வினை காட்ட 57 சதவீதம் அதிக நேரம் எடுத்தார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதம். அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை மது குடித்தவருக்கு அது 12 சதவீதம்தான். 2022-ல் ஸ்வீடன் நாட்டுக் கார் இதழொன்று 110 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு சின்ன வேலைகளைச் செய்யச் சொன்னது. குமிழும் பொத்தானும் உள்ள 17 வருடப் பழைய வால்வோவில் 10 விநாடியில் வேலை முடிந்தது. திரையை நம்பிய புதிய மின்கார் ஒன்றில் ஏறத்தாழ 45 விநாடி ஆனது, அதற்குள் வண்டி 1,300 மீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. நிபுணர்களை வைத்து, கோடிகளைக் கொட்டி வடிவமைத்த திரைகளின் நிலை இது. சமையலறை மேசையில் ஒரு வாரம் உட்கார்ந்து அடுக்கிய திரை இவற்றைவிடத் தேறும் என்று யார் சொல்ல முடியும்?

கார் கம்பெனிகளே திரை வைக்கும்போது எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்பார்கள். கம்பெனிகளையும்தான் கேட்கிறேன். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தொட்டு உணரும் பொத்தான் இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஆனால் கம்பெனித் திரைக்கும் வீட்டில் கட்டிய திரைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கம்பெனித் திரைக்குப் பூட்டு இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் வண்டி நகரும்போது கீபோர்டு வராது. ஹேண்ட்பிரேக் போட்டால்தான் வீடியோ ஓடும்படி ஸ்டீரியோவில் தனி வயரே கொடுத்திருப்பார்கள். நம்மூரில் அந்த வயரை என்ன செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எர்த்தோடு முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். ஹேண்ட்பிரேக் எப்போதும் போட்டிருப்பதாக அந்தக் கருவி நம்பிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் கட்டும் கணினியில் முறுக்க வயர்கூட இல்லை. வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தெரியாது. விரல் நகம் அளவுள்ள பெருக்கல் குறியைத் தொட்டால்தான் ஒரு ஜன்னல் மூடும். ஓடும் வண்டியில், குண்டும் குழியுமான சாலையில், அந்தக் குறியைக் குறிபார்ப்பது யார்? சுதந்திரம் என்று இவர்கள் கொண்டாடுவது இந்தப் பூட்டின்மையைத்தான்.

செய்ய முடியாமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். இவர்களுக்குச் செய்ய முடியும். கோளாறு கண்டறிய வைத்திருக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு சிறு கருவியைச் செருகி வண்டியின் வேகத்தைப் படித்து, அதைத் திரையில் அழகான முள்ளாகக் காட்டுகிறார்கள். அதே எண்ணை வைத்து, வேகம் 5 கிலோமீட்டரைத் தாண்டியதும் பட்டியலை மறைத்து, வழியை மட்டும் காட்டச் சில வரி நிரல் போதும். செல்ஃப் அடிக்கும் ஒரு கணத்துக்காக வாரக்கணக்கில் உழைத்தவர்கள் இந்தச் சில வரியை எழுதுவதில்லை. காரணம் தெளிவு. கட்டியவர் தன் வேலையைச் சோதித்துப் பார்ப்பது ஷெட்டில், நிறுத்திய காரில், நண்பர்கள் சுற்றி நிற்கும்போது. அங்கே கண்ணுக்கு வேறு வேலை இல்லை. நிறுத்திய காரில் இந்தக் கணினி அருமையாகத்தான் இருக்கும்.

சிங்கவரம் குடைவரையில் அரங்கநாதர் முகத்தை ஒருபுறம் திருப்பிப் படுத்திருக்கிறார். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா போருக்குப் போக உத்தரவு கேட்டபோது, இன்று வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பார்கள். அதை மீறிப் போன ராஜா 1714-ல் களத்தில் மாண்டார். வீரத்தில் குறையாதவனும் எச்சரிக்கையை மதிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கதையை எங்கள் ஊரில் இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். கைத்திறனில் குறையாத இவர்களுக்கும் அதையே சொல்கிறேன். எச்சரிக்கைகள் எண்ணாகவே வந்துவிட்டன.

சட்டமும் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகன விதி, கையடக்கக் கருவியை ஓட்டும்போது வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி, பயன்படுத்தலாம் என்கிறது. டேஷ்போர்டில் திருகிய கணினி கையடக்கக் கருவி அல்ல என்று வாதாடலாம். வாதத்தில் வென்றுவிடவும் கூடும். உளுந்து கூட்டுகிற கிழவிக்கு அந்த வெற்றியால் என்ன பயன்?

ஓடும்போது பூட்டிக்கொள்ளாத கணினிக்கு ஓட்டுநர் முன்னால் இடமில்லை. அது எவ்வளவு அழகாகக் கட்டியதாக இருந்தாலும் இதுதான் என் முடிவு. கட்டி முடித்தவர்கள் ஒன்று செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சத்தத்தைக் குறையுங்கள். அடுத்த பாட்டுக்கு மாறுங்கள். திரையின் வெளிச்சத்தை அணையுங்கள். கை தடுமாறினால் ஒரு குமிழை வாங்கிப் பொருத்துங்கள், அந்தச் சில வரி நிரலை எழுதுங்கள். அதுவரை அந்தத் திரையைக் கழற்றி வையுங்கள்.