தந்தியை இறக்கு தம்பி!

வல்லம் வடகாலில் ஒரு டீக்கடை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் ஒரு இளைஞர். கழுத்தில் ஐ.டி. கார்டு, முதுகில் கிடார். பேச்சுக் கொடுத்தேன்.

“ஒண்ணரை வருஷமா கிளாஸ் போறேன் சார். இங்கிலீஷ் பாட்டெல்லாம் வருது. எங்கம்மா பாடுற பாட்டை வாசிச்சா மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. உனக்குக் காது சரியில்லைங்கிறாரு மாஸ்டர்.”

காதில் ஒன்றும் கோளாறு இல்லை. கோளாறு, தந்திகளைச் சேர்த்திருக்கும் விதத்தில். கிடாரோடு கூடவே வந்த ஸ்ருதி அமைப்பு ஏதோ வேதவாக்கு மாதிரி நமக்குப் பதிந்துவிட்டது.

வயலினைப் பாருங்கள். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் அது கர்நாடக சங்கீதத்துக்குள் வந்தது. அடுத்தடுத்த நான்கு தந்திகளில் நான்கு வெவ்வேறு சுரங்கள் என்பது மேற்கத்திய ஏற்பாடு. நம்மவர்கள் அதை ச-ப-ச-ப என்று மாற்றினார்கள். கீழ் ஸ்தாயியில் விரல் போகும் அதே வழி மேல் ஸ்தாயியிலும். வெறும் தந்தியைத் தொட்டாலே தம்பூராவோடு சேர்கிறது. இன்று வயலின் அந்நிய வாத்தியம் என்று யாராவது சொல்வார்களா?

அடுத்தது மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1978-ல் குடிவாடாவில் முதல் கச்சேரி. அப்போது வயது ஒன்பது. 2014 செப்டம்பரில், 45 வயதில் போய்விட்டார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்: ‘குழந்தை மேதை’, ‘மின்னல் வேகம்’. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வேகம் மாண்டலினுக்கு இயல்பாகவே வரும். வராதது கமகம்தான்.

வழக்கமான மாண்டலினில் ஜோடி ஜோடியாக எட்டுத் தந்திகள். ஒரு ஜோடியைச் சேர்த்து இழுத்து அசைத்தால் இரண்டும் ஒரே அளவில் அசையாது, சுரம் பிசிறடிக்கும். ஸ்ரீநிவாஸ் ஜோடியை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்தி போட்டார். நாதம் நீடித்து நிற்க எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார். ஐந்தாவதாக ஒரு தந்தியும் சேர்த்துக்கொண்டார். அவருடைய குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாட, இவர் வாசித்துக் கற்றார். ரகசியமே இதுதான் என்பேன். குரல் முன்னே போனது. வாத்தியம் தன்னை மாற்றிக்கொண்டு பின்னே வந்தது. அவர் நிதானமாக ஆலாபனை செய்கிற இடங்களைக் கேளுங்கள். கைதட்டல் வாங்கித் தருகிற வேகத்தைவிட, அங்கேதான் அவருடைய உழைப்பு தெரியும்.

இது நமக்கு மட்டுமே உரிய சாமர்த்தியமும் அல்ல. அமெரிக்க மலைநாட்டில் ஐந்து தந்தி பேன்ஜோ வாசிக்கிறவர்கள் பாட்டுக்குப் பாட்டு ஸ்ருதி மாற்றுவார்கள். அதன் குட்டையான ஐந்தாவது தந்தி, நம் தம்பூரா மாதிரி, ஒரே சுரத்தை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். அவர்களுடைய சாதாரண அமைப்பை நம் கணக்கில் சொன்னால் ச-ப-ச-க-ப. அந்தக் காந்தாரத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றி மத்தியமம் ஆக்கிவிடுவார்கள். ஒரு தந்திதான் மாறியது. பாட்டின் முகமே வேறாகிவிடும். அதைத் தப்பு என்று எந்த மாஸ்டரும் அங்கே சொல்வதில்லை.

நான் பி.காம். ஆகவே செலவுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ருதியை மாற்றினால் மனப்பாடம் செய்த கார்டுகள் உதவாது. கிரேடு பரீட்சைப் புத்தகத்தை மூடி வைக்க வேண்டும். இன்னொரு கிடார்காரர் விரல் போகிற இடத்தைப் பார்த்துப் பின்பற்ற முடியாது. அதோடு, ஸ்ருதியை மாற்றியதாலேயே சங்கீதம் வந்துவிடாது. கமகத்தை விரல்தான் சம்பாதிக்க வேண்டும். இத்தனை நஷ்டத்துக்கும் வரவு ஒன்றே ஒன்று: உங்கள் பாட்டு உங்கள் வாத்தியத்தில் வந்து உட்காரும்.

தம்பியிடம் சொன்னேன்: “ஆறாவது, ரெண்டாவது, முதல் தந்தி. இந்த மூணையும் ஒவ்வொரு முழு டோன் இறக்குங்க.” கிடார் உலகத்தில் பலருக்கும் பழக்கமான அமைப்புதான் அது. நம் பாஷையில் ச-ப-ச-ம-ப-ச.

பெஞ்சில் உட்கார்ந்து பிருடைகளைத் திருகினார். ஒரு முறை மீட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

“அம்மாவைப் பாடச் சொல்லிக் கேக்கணும் சார். அவங்க ஸ்ருதி எதுன்னு இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லை.”