பூண்டு காய்கறியா? – சட்டச் சொற்களின் வழக்குப்பொருள்

சட்டம் வரையறுக்காத சொல்லுக்கு மக்கள் வழக்கில் உள்ள பொருளையே கொள்ளவேண்டும் என்பது நீதிமன்றங்கள் போற்றும் நெறி. எம்மொழி மக்கள், எச்சூழலில் வழங்கும் பொருள் என்னும் வினாவை அந்நெறி பெரும்பாலும் எழுப்புவதில்லை. இக்குறையை மூன்று தீர்ப்புகள்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1961இல் இராமாவதார் புதைபிரசாத் வழக்கில், விற்பனை வரிச் சட்டத்தின் 'வெஜிடபிள்ஸ்' என்னும் சொல்லுள் வெற்றிலை அடங்குமா என்பது வினா. உச்சநீதிமன்றம் தாவரவியல் பொருளை விலக்கி, அன்றாட வழக்கில் வெற்றிலை காய்கறியன்று என்றது. முடிவு பொருத்தமானதே. ஆயினும் சட்டத்தின் சொல் ஆங்கிலம். சந்தையின் சொல் வேறு. இடையே ஒரு மொழிபெயர்ப்பு, சொல்லப்படாமலே நிகழ்ந்தது.

1941ஆம் ஆண்டு வங்காள விற்பனை வரிச் சட்டம் இவ்விடைவெளியை நிரப்பியது. 'சப்ஜி, தர்காரி, சாக்' எனப் பொதுவாக அறியப்படும் காய்கறிகள் என்று அச்சட்டமே கூறிற்று. 1977இல் வாஷி அகமது வழக்கில் பச்சை இஞ்சி இவற்றுள் அடங்கும் என உச்சநீதிமன்றம் கொண்டபோது, பேசுவோரின் சொற்களே அதன்முன் இருந்தன.

மத்தியப் பிரதேசத்தில் பூண்டு காய்கறியா, மசாலாப் பொருளா என்னும் வழக்கு, உழவர் அதனை எச்சந்தையில் விற்கலாம் என்பதைப் பற்றியது. பூண்டு அழுகக்கூடியது; ஆதலின் காய்கறி; எனினும் இருவகைச் சந்தையிலும் விற்கலாம் என்று உயர்நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வு 2024இல் தீர்ப்பளித்தது. உழவருக்கு நலம் தரும் முடிவு இது. ஆனால், அழுகுதல் சொற்பொருள் ஆகாது. பாலும் கெடும், அது காய்கறியன்று.

இவ்வினா இடுக்கி மாவட்டத்து வட்டவடையில் எழுந்தால் என்னாகும்? அங்கு உழவர் பலர் பேசுவது தமிழ், ஆட்சிமொழி மலையாளம், அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பின்படி அதிகாரமுடைய சட்டப்பாடம் ஆங்கிலம். கேரட், முட்டைக்கோசு ஆகியவற்றோடு அங்கே விளையும் பூண்டு, 2022இல் காந்தளூர் வட்டவடைப் பூண்டு எனப் புவிசார் குறியீடு பெற்றது. 'காய்கறிப் பயிர்' என்னும்போது பூண்டையும் சேர்த்தால் உழவர் மறுக்கமாட்டார். 'காய்கறி வாங்கி வா' என்றதற்குப் பூண்டு மட்டும் வாங்கி வந்தால் வீட்டார் ஏற்கமாட்டார். சொல் ஒன்றே, வயலில் அதன் எல்லை வேறு, அடுக்களையில் வேறு. சொல்லமைப்பும் இங்குத் துணைசெய்யாது. கேரட் காயன்று, கிழங்கு, எனினும் காய்கறியே.

எனவே, வழக்குப்பொருளைச் சான்றாகக் காட்டும் தீர்ப்பு, மொழி, பேசுவோர், சூழல் ஆகிய மூன்றையும் வெளிப்படக் கூறவேண்டும். விளைபொருள் விற்பனையைப் பற்றிய சட்டமாயின், உழவரும் வணிகரும் வழங்கும் பொருளே கொள்ளத்தக்கது. வங்காளச் சட்டம்போல வட்டாரச் சொற்களைச் சட்டத்திலேயே தருவது இன்னும் சிறப்பு. இல்லையேல், மக்கள் வழக்கு என்னும் பெயரில் நிலைபெறுவது நீதிபதியின் வழக்கே எனலாம்.